மாடம்பாக்கமும் ஒரு சொட்டு ரத்தமும்

தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி, கிழக்குப் பக்கமாக வெளியே வந்து வேளச்சேரி சாலையைப் பிடிக்க வேண்டும். சேலையூரும் கேம்ப் ரோடு சந்திப்பும் தாண்டியதும் ராஜகீழ்ப்பாக்கம் வரும். அங்கே வலது கைப் பக்கம் திரும்பினால் மாடம்பாக்கம் சாலை. வழியெல்லாம் கடைகள், மருந்துக் கடைகள், ரத்தப் பரிசோதனை நிலையங்கள், மறுபடியும் கடைகள். இதற்குள் எங்கேயோ ஒரு பழைய கிராமம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது!

வெகுகாலம் பேரூராட்சியாக இருந்த இந்த ஊர், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுடன் சேர்ந்துவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, இப்போது அடுக்குமாடிகளும் வந்தாயிற்று. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வாடகை கட்டி அலுத்தவர்கள், பிராவிடண்ட் பணத்தை எடுத்து ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்த ஊர் இது. ஆகவே ஊரில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். ஓய்வு பெற்றவர்கள் அதிகம் என்றால் கூடவே என்ன அதிகம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை!

தூங்கும் யானையின் கோயில்

மாடம்பாக்கம் வந்துவிட்டு தேனுபுரீஸ்வரரைப் பார்க்காமல் போகலாமா? சோழர் காலத்துக் கோயில். பத்தாம் நூற்றாண்டில், ராஜராஜனின் தகப்பனார் சுந்தர சோழர் காலத்தில் எழுந்தது என்கிறார்கள். கருவறையின் விமானம் பின்பக்கம் வளைந்து, யானை படுத்திருப்பதைப் போல இருக்கும். இதைத் தூங்கானை மாடம் என்றும் கஜபிருஷ்ட விமானம் என்றும் சொல்வார்கள். அருணகிரிநாதர் இந்தத் தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார்.

கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணில் புதைந்திருந்த லிங்கத்தின் மேல் பால் சொரிந்து வழிபட்டாராம். தேனு என்றால் பசு. அதனால் சுவாமிக்கு தேனுபுரீஸ்வரர், அம்பாளுக்கு தேனுகாம்பாள். தூண் ஒன்றில் இருக்கிற சரபேஸ்வரருக்கு ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில், அதாவது மாலை நாலரை முதல் ஆறு மணி வரை, நல்ல கூட்டம் வருகிறது.

பூஜை முடிந்ததும் கூட்டத்தில் ஒரு சின்னக் காட்சியைக் கவனிக்கலாம். பிரசாதத் தொன்னை கைக்கு வருகிறது. சர்க்கரைப் பொங்கல்! நெய் மினுமினுக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணிகள் பலர், விரல் நுனியால் ஒரு பருக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பேரன் பேத்தி கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

"ஏன் மாமி, கொஞ்சம் சாப்பிடக் கூடாதா?"

"காலம்பறவே நூத்தி எழுபது காட்டித்தும்மா. இன்னும் இதையும் சாப்பிட்டா மிஷின் சும்மா விடுமா?"

மிஷின்! இந்த ஊரில் மிக்சி, கிரைண்டருக்கு அடுத்தபடியாக வீட்டுக்கு வீடு இருக்கிற சாமான் இந்தச் சுகர் மிஷின்தான். மருத்துவர்கள் குளுக்கோமீட்டர் என்பார்கள். அலமாரியில் ஸ்வாமி படத்துக்குக் கீழே, கண்ணாடிக் கூட்டுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில், ஒரு கறுப்பு ஜிப் பைக்குள் இருக்கிறது. இதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் விவரமாகப் பார்க்கப் போகிறோம்.

ஏரிக்கரையில் காலை ஆறு மணி

கோயிலைப் போலவே ஊரின் இன்னொரு பொக்கிஷம் மாடம்பாக்கம் ஏரி. மழைக்காலம் முடிந்ததும் கரையில் நின்று பார்த்தால் கண் குளிரும். நாரைகளும் கொக்குகளும் இறங்கியிருக்கும். காலை ஆறு மணிக்கெல்லாம் கரைப் பக்கம் நடப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வேகவேகமாக நடக்கும் அம்மாள்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.

நடப்பவர்களின் பேச்சைக் கேட்டால், பாதி பேச்சு எண்களாகவே இருக்கும்.

"நேத்து உங்களுக்கு எவ்வளவுக்கா?"

"ஃபாஸ்டிங் நூத்தி பதினெட்டு. சாப்பிட்டப்புறம்தான் எகிறுது."

"எனக்கு நேர்மாறு. ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான். விடிஞ்சா நூத்தி ஐம்பது. எங்கேருந்துதான் வருதோ!"

எங்கிருந்து வருகிறது என்பதற்கு பதில் உண்டு. விடியற்காலையில் நம்மை எழுப்புவதற்காக உடம்பில் சில ஹார்மோன்கள் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்கிறவர்களுக்கு அது அடங்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்படியே நின்றுவிடும். ஆகவே காலையில் எண் ஏறியிருந்தால், முந்தின ராத்திரி திருட்டுத்தனமாக ஏதோ சாப்பிட்டதாக மாமியாரையோ மாமனாரையோ சந்தேகப்பட வேண்டாம்!

இது ஒரு ஊர் சமாசாரம் மட்டும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். நூற்றுக்கு 11.4 என்பது தேசியக் கணக்கு. தமிழ்நாட்டில் அது 14.4. ஏழு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டுக் குடும்பத்தில் ஒருவராவது வந்துவிடுகிறார்.

சோதனைக் குழாயிலிருந்து மிஷின் வரை

தாம்பரம் பகுதிக்கு நோயாளிகளோடு பழைய உறவு உண்டு. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காக சானடோரியம் தொடங்கினார். இன்றும் ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம்தான். நல்ல காற்று வேண்டும் என்று பட்டணத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து படுத்துக் குணமானவர்கள் அநேகம். நீரிழிவுக்கும் அந்தக் காசநோய்க்கும் கூட ஒரு சம்பந்தம் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களைக் காசநோய் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சர்க்கரைக்காரர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது.

சர்க்கரையை அளப்பதற்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? சிறுநீரில் எறும்பு மொய்த்தால் மதுமேகம் என்று கண்டார்கள் நம் முன்னோர். பிறகு பெனடிக்ட் கரைசல் வந்தது. அறுபது வயதைத் தாண்டிய வாசகிகளுக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடிக் குழாயில் 5 மில்லி நீலக் கரைசல், அதில் 8 சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்துவிட்டால் ஆபத்து.

இதில் ஒரு பெரிய குறை. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். அதற்குக் கீழே 170 ஆனாலும் 50 ஆனாலும் கரைசல் அதே நீலம்தான் காட்டும். சர்க்கரை தாழ்ந்துபோய் ஒருவர் மயங்கிக் கிடந்தாலும் அது வாய் திறக்காது!

நம் சென்னையில் நீரிழிவுக்கென்று தனி மருத்துவத்தை வளர்த்த முன்னோடி டாக்டர் எம். விஸ்வநாதன். 1948-ல் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கி, 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை ஏற்படுத்தினார். அந்த நாட்களில் நோயாளி மருத்துவரைத் தேடிப் போவதுதான் முறை. ரத்தத்தை வீட்டில் பார்ப்பது நினைத்தும் பார்க்க முடியாத விஷயம்.

ரத்தத்தை அளக்கும் முதல் கையடக்க மிஷின் 1970 வாக்கில் அமெரிக்காவில் வந்தது. கையடக்கம் என்று பெயர்தானே தவிர, ஒரு கிலோவுக்கு மேல் எடை! அதையும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும்தான் விற்றார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளருக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. அவருக்கு மிஷினை விற்க மறுத்தபோது, மருத்துவரான அவருடைய மனைவியின் பெயரில் வாங்கினார்கள். அதை வைத்துக்கொண்டு தன் உடம்பைத் தானே தினமும் பல முறை சோதித்து, உணவையும் இன்சுலினையும் திருத்திக்கொண்டு உடல் தேறினார். ஆனால் பொறியாளர் சொன்னால் மருத்துவர்கள் கேட்பார்களா? நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தானே டாக்டரானார்! இன்று நம் வீட்டு அலமாரியில் மிஷின் இருப்பதற்கு அந்த மனிதரின் பிடிவாதமும், மனைவியின் ஒத்தாசையும் ஒரு காரணம்.

வாசல் தேடி வந்த பரிசோதனை

தமிழ்நாட்டில் மிஷின் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் வீட்டிலேயே சோதனை என்பது 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சாத்தியமாயிற்று. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பதற்காக வீடு வீடாகப் போனவர்களில் பெரும் பங்கு பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. பையில் மிஷினை வைத்துக்கொண்டு வெயிலில் தெருத் தெருவாக நடந்த அந்தப் பெண்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

"எனக்கு எதுக்கும்மா?"

ஏரிக்கரையிலிருந்து திரும்பும் வழியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் காபிக்கு அழைத்தார். வாசலில் செம்பருத்தி, கிணற்றடியில் கறிவேப்பிலை. கூடத்து மேஜையில் மிஷின். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு. அதில் மணி மணியான கையெழுத்தில் தேதி, நேரம், எண், என்ன சாப்பாடு, எவ்வளவு நடை, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். மூன்று வருஷக் கணக்கு! பரீட்சைப் பேப்பர் திருத்திய கையல்லவா!

"யாருக்கு இது?"

"அவருக்குத்தான். காலையில ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, வாரத்துல மூணு நாள் பார்த்துடுவேன்."

"நீங்க பார்த்துக்கறதில்லையா?"

"எனக்கு எதுக்கும்மா? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. ஒரு ஸ்ட்ரிப்பு இருபது ரூபா ஆறது."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

யோசித்தார். "ரிட்டயர் ஆன வருஷம் ஸ்கூல்ல கேம்ப் போட்டாங்களே, அப்போ." அது ஒன்பது வருஷம் முன்பு. அம்மாவுக்கு இருந்தது, அண்ணாவுக்கு இருக்கிறது, தனக்கு கொஞ்ச நாளாகக் கால் எரிச்சல், ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று பேச்சுவாக்கில் அவரே சொன்னார். இத்தனை சொல்லியும், தனக்கு ஒன்றும் இல்லை என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை!

வீட்டுக்காரர் அறையிலிருந்து வெளியே வந்தார். "நான் நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேன்மா. எனக்குக் குத்தறதுல காட்டற சுறுசுறுப்பு தனக்குன்னா வராது. இன்னிக்கு நான் குத்தறேன், கையைக் கொடு" என்று அவரே புது ஊசியை மாட்டி, சிரித்துக்கொண்டே மனைவியின் விரலைப் பிடித்தார். ஐந்து விநாடி. காபி குடிப்பதற்கு முந்திய வெறும் வயிறு. மிஷின் 196 காட்டியது.

கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு ஆசிரியை நோட்டை இழுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, புதிதாக ஒரு கட்டம் போட்டார். மேலே தன் பெயரை எழுதினார்.

வாசகிகளே, மாடம்பாக்கத்தில் நான் பேசிய பெண்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். மிஷினை இயக்குவது வீட்டு அம்மாள். நோட்டு எழுதுவதும், சமையலை மாற்றுவதும், மாத்திரையை ஞாபகப்படுத்துவதும் அவளே. ஆனால் மிஷினில் ஏறாத ஒரே விரல் அவளுடையது. முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டதா, பெற்றோருக்கு இருக்கிறதா, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்ததா, இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை அவசியம்.

ஒன்றை ஞாபகம் வையுங்கள். வீட்டு மிஷின் காட்டுவது எச்சரிக்கைதான். வியாதி இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது பரிசோதனைக் கூடத்தில் நரம்பிலிருந்து எடுக்கிற ரத்தம்தான். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 6.5-ம் அதற்கு மேலும் வந்தாலும் அப்படியே. தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்துவார்கள்.

குத்துவதிலும் பக்குவம் உண்டு

அந்த வீட்டிலும் அடுத்தடுத்த வீடுகளிலும் பார்த்ததை வைத்து, மருத்துவர்கள் சொல்வதையும் சேர்த்து, சில குறிப்புகள்.

முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, நன்றாக ஈரம் போக வேண்டும். மாம்பழம் உரித்த கையால் பார்த்தால், பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து 300 கூடக் காட்டலாம். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தால் போதாது, கழுவத்தான் வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறைந்துபோகும்.

விரலின் நடுப் பகுதியில் குத்தாதீர்கள். பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பூ கட்டவும் காய் நறுக்கவும் தொந்தரவு இராது. தினம் ஒரே விரலைத் தண்டிக்காமல் மாற்றிக்கொண்டே வாருங்கள். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் ரத்தம் தானே வரும். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் கணக்குத் தப்பும்.

ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூட வேண்டும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஸ்ட்ரிப்புக்கு எதிரி. ஃபிரிட்ஜிலும் வேண்டாம், அடுப்பு மேடையிலும் வேண்டாம். காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள். டப்பாவைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடவே கூடாது. "எங்க வீட்டு ஆளுங்கதானே" என்பது பேச்சல்ல. ரத்தத்தின் மூலம் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். குத்துகிற பேனாவையும் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதே நல்லது.

"லேப்ல 140, மிஷின்ல 152. எதை நம்பறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இரண்டையுமே நம்பலாம்! நல்ல மிஷினுக்கு, 100-ம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 15 வரை வித்தியாசம் சர்வதேச விதிப்படியே அனுமதி. சந்தேகமாக இருந்தால், பரிசோதனைக் கூடத்துக்கு வெறும் வயிற்றோடு போகும்போது மிஷினையும் கொண்டுபோய், அதே நேரத்தில் விரலிலும் பார்த்து ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிட வேண்டாம். அப்போது விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

பெண்களுக்கு முக்கியமான ஒன்று. ரத்த சோகை உள்ளவர்களுக்கு மிஷின் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். இரும்புச் சத்துக் குறைவால் ஹெச்.பி.ஏ.1.சி.யும் கூடுதலாக வரலாம். ஆகவே ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொண்டு, மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எண் எதற்கு?

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் தினமும், சில சமயம் ஒரு நாளில் பல முறையும் பார்க்க வேண்டும். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சொன்னபடி பார்த்தால் போதும். தினமும் குத்திக் குத்தி எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் சர்க்கரை இறங்கிவிடாது. பார்த்த எண்ணை வைத்து எதையாவது மாற்றினால்தான் பிரயோஜனம்.

மாடம்பாக்கத்தில் ஒரு இளம் மருமகள் செய்கிற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாரத்துக்கு ஒரு பலகாரத்தைப் பரீட்சை வைக்கிறாள். சாப்பிடுவதற்கு முன் ஒரு சோதனை. முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சோதனை.

"கேழ்வரகு கஞ்சின்னா சர்க்கரை ஏறாதுன்னு எல்லாரும் சொன்னாங்கக்கா. மாமாவுக்கு ஒரு பெரிய டம்ளர் கொடுத்துப் பார்த்தேன். 130 இருந்தது 240-க்குப் போயிடுச்சு! அதே கேழ்வரகுல ரெண்டு அடை, முருங்கைக்கீரை போட்டு, கூட ஒரு கிண்ணம் சுண்டல். 180-தான்."

மாவாக அரைத்துக் கஞ்சியாகக் குடிக்கும்போது எந்த தானியமும் சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும். கீரையும் பருப்பும் சேர்ந்தால் நிதானப்படும். புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். தன் வீட்டு மிஷினில் பார்த்ததை எந்த மருமகளும் மறக்கமாட்டாள்! சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிஷம் தெருவில் நடந்துவிட்டுப் பார்த்தால் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் இதே மாதிரி சோதிக்கலாம்.

பொதுவாக நீரிழிவு உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பிறகு 180-க்குள் என்பது இலக்கு. வயது மிக முதிர்ந்தவர்களுக்கு மருத்துவர் இதைத் தளர்த்துவார். கர்ப்பிணிகளுக்கு இன்னும் கண்டிப்பு: வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். கர்ப்ப காலச் சர்க்கரையை எல்லோருக்கும் சோதிக்க வேண்டும் என்று பாடுபட்டவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நம் நாட்டில் அனுசரிக்கப்படுகிறது.

விரத நாளும் ஜாக்கிரதையும்

கோயில் ஊர் என்றால் விரதங்களுக்குக் குறைவா? பிரதோஷம், சஷ்டி, ஏகாதசி, சங்கடஹர சதுர்த்தி. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாலை வரை பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் பிராகாரம் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாத்திரைகள், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் போன்றவை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், கண் மங்கல், காரணமில்லாத கோபம் எல்லாம் இதன் அறிகுறிகள்.

இந்த ஊரில் ஒரு வீட்டில் நடந்தது. சஷ்டி விரதம் இருந்த மாமியார் சாயங்காலம் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். "அம்மாவுக்கு சாமி வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டில் கற்பூரம் ஏற்றப் போனார்கள். மருமகள் மட்டும் ஓடிப் போய் மிஷினை எடுத்தாள். 48! மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தாள். 82. உடனே இரண்டு இட்லி கொடுத்தாள். அரை மணியில் மாமியார் எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, விரதத்தைக் கெடுத்துட்டியே" என்று கோபித்துக்கொண்டாராம். அந்தக் கோபத்தைக் கேட்க மருமகளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

70-க்குக் கீழே போனால் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீர்தான் சரியான மருந்து. லட்டும் சாக்லெட்டும் கொழுப்புள்ளவை, ஏறுவதற்குத் தாமதமாகும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குச் சொல்லுங்கள். விரதம் இருக்க ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளுங்கள். அன்று நடுவில் இரண்டு மூன்று முறை விரலில் பாருங்கள். 70-க்குக் கீழே வந்தால் விரதத்தை முடித்துவிடுங்கள். பசுவாய் வந்து பால் சொரிந்த பக்தியை ஏற்றுக்கொண்ட சுவாமி, ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீருக்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

குப்பைக்குப் போகும் ஊசி

காலையில் தெருவில் குப்பை வண்டி வரும்போது, தூய்மைப் பணிக்கு வந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். விரலில் பிளாஸ்திரி போட்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"சுகர் ஊசிதான்மா. பையில போட்டுக் கட்டிடறாங்க. கையை விட்டா குத்துது. யாரோட ஊசியோ, என்ன நோவோ, பயமா இருக்கு."

இதற்கு ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. பினாயில், சலவை திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி, உபயோகித்த ஊசியை எல்லாம் அதில் போட்டுக்கொண்டே வாருங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, மற்ற குப்பையோடு சேர்க்காமல், இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். நம் உடம்பைக் காக்க வாங்கிய ஊசி இன்னொரு பெண்ணின் விரலில் ஏறக் கூடாது.

மாடம்பாக்கம் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். ஏரிக்கரையில் ஒரு நடை நடந்து, தேனுபுரீஸ்வரரைத் தரிசித்து, தூங்கானை விமானத்தைப் பின்பக்கம் நின்று ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். மத்தியான மாத்திரை இருந்தால் கைப்பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும்.

வீடு திரும்பியதும், அலமாரியில் மிஷின் இருந்தால் மறுநாள் காலை வெறும் வயிற்றில் உங்கள் விரலை நீட்டுங்கள். மிஷின் இல்லாவிட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் கணக்கு எழுதுகிற நோட்டில் உங்கள் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இருபது ரூபாய் ஸ்ட்ரிப்பில் ஒன்று உங்களுக்காகச் செலவானால், அதை வீண் செலவு என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள்.